நகராட்சித் துணைவிதிகளை ஒரே தொகுப்பாக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2023 ஏப்ரல் 13 முதல் தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லாவற்றுக்கும் சட்டம் ஒன்றுதான்: தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998. இயற்றிய பின் 2000இல் நிறுத்திவைக்கப்பட்ட அந்தச் சட்டம், 2022இல் திருத்தப்பட்டு, 2023ஆம் ஆண்டு விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. சென்னைக்கு 1919, நகராட்சிகளுக்கு 1920, மதுரைக்கு 1971, கோவைக்கு 1981 என்று தனித்தனியாக இருந்த சட்டங்கள் விலகின. நல்ல காரியம். ஆனால் அந்தப் பழைய சட்டங்களின் கீழ் ஒவ்வோர் ஊர் மன்றமும் காலம் காலமாக நிறைவேற்றி வைத்த துணைவிதிகளில் இன்று எது செல்லும், எது செல்லாது, அதை எங்கே போய்ப் பார்ப்பது என்ற கேள்விக்குப் பெரும்பாலான ஊர்களில் ஒரே இடத்தில் பதில் கிடைப்பதில்லை. சட்டத்தை ஒன்றாக்கிய வேலை கோட்டையில் முடிந்துவிட்டது. ஊர் அளவில் அது இன்னும் தொடங்கவில்லை. இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான்.

ஓர் ஊரின் சட்டம் நான்கு அடுக்காக இருக்கிறது. மேலே சட்டமன்றம் இயற்றிய சட்டம். அதன் கீழ் மாநில அரசு போடும் விதிகள். பிறகு அரசாணைகளும் நகராட்சி நிர்வாக இயக்குநரின் சுற்றறிக்கைகளும். கடைசியில் மன்றத்தின் துணைவிதிகளும் கட்டணத் தீர்மானங்களும். துணைவிதி விதியை மீறக்கூடாது, விதி சட்டத்தை மீறக்கூடாது. மேல் மூன்று அடுக்கையும் தேடினால் எப்படியாவது எடுத்துவிடலாம். நான்காவது அடுக்குதான் சிக்கல். அதில் பாதி தீர்மானப் புத்தகத்தில், பாதி மாவட்ட அரசிதழில், மிச்சம் பிரிவு உதவியாளரின் கோப்பில். உதவியாளர் மாறுதலாகிப் போனால் விதியும் அவரோடு போய்விடுகிறது.

'துணைவிதிதானே' என்று இதைச் சிறிதாக எண்ணக்கூடாது. அரசியலமைப்பின் 13ஆவது பிரிவு 'சட்டம்' என்பதற்குத் தரும் விளக்கத்தில் துணைவிதி பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. வெளியிடப்படாத சட்டம் செல்லுமா என்ற கேள்விக்கும் பதில் எப்போதோ வந்துவிட்டது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் அமைச்சரவை 1923இல் தீர்மானமாக நிறைவேற்றிய அபின் சட்டம் எங்கும் வெளியிடப்படவில்லை. அதன் கீழ் வந்த ஹர்லா எதிர் ராஜஸ்தான் அரசு வழக்கில் 1951இல் உச்ச நீதிமன்றம், மக்கள் அறியும்படி வெளியிடாத சட்டத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்று சொல்லித் தண்டனையை ரத்து செய்தது. நாற்பது ஆண்டுக்கு முந்தைய மாவட்ட அரசிதழின் ஒரு பக்கத்தில் மட்டும் கிடக்கும் துணைவிதி, சட்டக் கணக்கில் வெளியிடப்பட்டதுதான். ஆனால் ஊரில் கடை வைத்திருப்பவர் அதை எப்படி அறிவார்?

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது. 4(1)(ஆ) பிரிவின் ஐந்தாவது இனம், அலுவலகம் தன் பணிக்குப் பயன்படுத்தும் விதிகள், அறிவுறுத்தல்கள், கையேடுகள், பதிவேடுகள் எல்லாவற்றையும் யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது. சட்டம் இயற்றி 120 நாளில் வெளியிட்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பத்து ரூபாய் முத்திரை ஒட்டி மனுப் போட்டு முப்பது நாள் காத்திருந்து வாங்க வேண்டிய பொருளாக ஊரின் சட்டம் இருக்கக்கூடாது.

தவறுகள் எங்கே நேர்கின்றன என்று ஓர் உதாரணத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். பிளாஸ்டிக் கைப்பையின் தடிமன். மத்திய அரசின் 1999ஆம் ஆண்டு விதிகளில் குறைந்த அளவு 20 மைக்ரான். 2011இல் அது 40 ஆனது. 2016இல் 50. 2021 செப்டம்பர் 30 முதல் 75. 2022 டிசம்பர் 31 முதல் 120. இதற்கிடையே தமிழ்நாடு அரசு 2018 ஜூனில் ஆணை போட்டு, 2019 ஜனவரி 1 முதல் தடிமன் எதுவானாலும் பிளாஸ்டிக் கைப்பையே கூடாது என்றாக்கிவிட்டது. 2012இல் ஒரு மன்றம் '40 மைக்ரானுக்குக் குறைந்த பைகளை விற்கக்கூடாது' என்று துணைவிதி செய்திருந்தால், அந்த வரி இன்றுவரை அப்படியே நின்றால், அதைப் படிக்கும் கடைக்காரர் 50 மைக்ரான் பை விற்கலாம் என்றுதானே புரிந்துகொள்வார்? அபராதம் போட வரும் துப்புரவு ஆய்வாளர் வேறொன்றைச் சொல்வார். இருவர் கையிலும் காகிதம் இருக்கும்.

மேல்நிலை விதியிலிருந்து எண்ணைப் பிரித்தெடுத்துத் துணைவிதிக்குள் எழுதியதால் வந்த வினை இது. 'அவ்வப்போது திருத்தப்பட்டவாறு நடைமுறையில் உள்ள பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளும் மாநில அரசின் ஆணைகளும் அனுமதிக்காத பைகள்' என்று எழுதியிருந்தால் அத்தனை மாற்றத்தையும் அந்த ஒரே வரி தாங்கியிருக்கும். 'அவ்வப்போது திருத்தப்பட்டவாறு' என்ற சொற்களை விட்டுவிடக் கூடாது. அவை இல்லாவிட்டால், துணைவிதி இயற்றிய நாளன்று இருந்த வாசகம் மட்டுமே உள்ளே வந்தது என்று வாதாட இடம் கிடைக்கும். திடக்கழிவிலும் இதே கதைதான். 2000ஆம் ஆண்டு விதிகளை மேற்கோள் காட்டி எழுதப்பட்ட துணைவிதிகள், 2016 ஏப்ரலில் புதிய விதிகள் வந்ததும் பழசாகின. புதிய விதிகளுக்கேற்ற துணைவிதியை ஓராண்டுக்குள் இயற்ற வேண்டும் என்று அந்த விதிகளிலேயே இருந்தது.

இரண்டாவது தவறு, இல்லாத பிரிவைக் காட்டுவது. தொழில் உரிமத்தை இன்றும் 'டி அண்ட் ஓ' (Dangerous and Offensive, அபாயமும் அருவருப்பும் தரும் தொழில்கள்) என்றே சொல்கிறோம். அதற்கு ஆதாரம் 1920ஆம் ஆண்டு சட்டத்தின் 249ஆவது பிரிவும் ஐந்தாம் அட்டவணையும். அந்தச் சட்டம் இப்போது இல்லை. ஆனாலும் அச்சடித்து அடுக்கிய படிவங்களும், துணைவிதியின் முதல் வரியும் அந்தப் பழைய பிரிவைத்தான் சொல்கின்றன. பிரிவு எண் தவறாகப் போடப்பட்டதாலேயே ஓர் உத்தரவு செல்லாமல் போகாது, அந்த அதிகாரம் வேறோர் இடத்தில் இருந்தால் போதும் என்பது நீதிமன்றங்கள் ஏற்ற கொள்கை. அதேபோல, சட்டம் மாறும்போது புதுச் சட்டத்துக்கு முரண்படாத பழைய துணைவிதிகள் தொடரும் என்பதும் பொது விதி. ஆனால் முரண்படாதவை எவை என்று யாராவது உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தால்தானே தெரியும்? அந்த வேலையைச் செய்யாமல் 'பழையது தொடரும்' என்று சொல்வது ஆய்வாளரையும் வியாபாரியையும் சண்டைக்கு விடுவதாகும். சாலையோர வியாபாரம் இதற்குக் கண்கூடான சான்று. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக்கூடாது என்றும், அப்புறப்படுத்த முப்பது நாள் அறிவிப்பு வேண்டும் என்றும் 2014ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் சொல்கிறது. இருபத்து நான்கு மணி நேரத்தில் காலி செய்யச் சொல்லும் பழைய துணைவிதி எந்த ஊரில் இருந்தாலும் அது இனி நிற்காது. அதைப் புத்தகத்திலிருந்து முறைப்படி நீக்குவதுதான் நாணயம்.

மூன்றாவது தவறு தீர்மானத்தின் வாசகத்தில் இருக்கிறது. 'மேற்படி கட்டணத்தை உயர்த்தி வசூலிக்க மன்றம் அனுமதிக்கிறது' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். எந்தத் துணைவிதியின் எந்த வரி மாறியது, எந்தத் தேதியிலிருந்து மாறியது, பழைய தொகை என்ன, எதுவும் அதில் இல்லை. இதைவிட மோசம், கடைசியில் வழக்கமாகப் போடும் 'இதற்கு முரணான முந்தைய தீர்மானங்கள் அனைத்தும் நீக்கப்படுகின்றன' என்ற வாக்கியம். எவை முரண் என்று தேடும் வேலையைத் தவிர்க்கப் போடும் வரி அது. பிறகு வரும் ஒவ்வொருவரும் அந்தத் தேடலைப் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கிறது, ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு விடை வருகிறது. திருத்தம் என்றால் இப்படி இருக்க வேண்டும்: 'சந்தைத் துணைவிதிகளின் 12ஆம் விதி (2)ஆம் உட்பிரிவில் "ஐம்பது ரூபாய்" என்பதற்குப் பதிலாக "நூறு ரூபாய்" என்ற சொற்கள் அமைக்கப்படும், இது அரசிதழில் வெளியாகும் நாள் முதல் செல்லும்.' இரண்டே வரி. யாரும் தவறாகப் படிக்க முடியாது.

ஒருங்கிணைப்பது சாத்தியமா என்று கேட்பவர்களுக்குக் கட்டட விதிகளைக் காட்டலாம். நகராட்சிக்கு 1972 விதிகள், பல மாடிக் கட்டடத்துக்கு 1973 விதிகள், ஊராட்சிக்கு 1997 விதிகள், சென்னைப் பெருநகருக்குத் தனி வளர்ச்சி விதிகள் என்று சிதறிக் கிடந்தவை, 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளாக ஒரே கட்டுக்குள் வந்தன. அதே புத்தகம் இன்னொரு பாடத்தையும் தருகிறது. 2019இல் அச்சிட்ட பிரதியை வைத்திருப்பவருக்கு, 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை தெரியாது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுபவர் அந்த முறையில் இணையவழியிலேயே உடனடி அனுமதி பெறலாம். ஒருங்கிணைப்பதோடு வேலை முடியாது. மறுநாளே திருத்தம் வரத் தொடங்கும்.

இனி, ஒரு நகராட்சி இதை எப்படிச் செய்யலாம் என்று சொல்கிறேன். முதலில் சேகரிப்பு. தீர்மானப் புத்தகங்கள், துணைவிதிக் கோப்புகள், மாவட்ட அரசிதழ்கள் ஆகிய மூன்றையும் ஒப்பிட வேண்டும். தீர்மானம் நிறைவேறியதாலேயே துணைவிதி பிறந்துவிடாது. வரைவை வெளியிட்டு, ஆட்சேபம் கேட்டு, அரசின் ஒப்புதல் பெற்று, அரசிதழில் வந்திருக்க வேண்டும். வழியில் நின்றுபோனவை எத்தனையோ இருக்கும். அவற்றைத் தனியே குறிக்க வேண்டும், தொகுப்பில் சேர்க்கக் கூடாது. ஊரில் அரசிதழ்ப் பிரதி இல்லையென்றால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடலாம். பதிவறையில் ஒரு விஷயத்தை முதலிலேயே பார்த்துவிட வேண்டும்: துணைவிதிக் கோப்பு 'நி.மு.' (நிரந்தர முடிவு) என்று முடிக்கப்பட்டிருக்கிறதா, 'ப.மு.' (பத்தாண்டு முடிவு) என்றா. பத்தாண்டு முடிவாகக் கட்டிய கோப்பு, காலம் ஆனதும் அழிப்புப் பட்டியலில் ஏறிவிடும். சட்டத்தின் மூலக் கோப்பு அப்படிப் போனால் திரும்ப வராது.

அடுத்தது பிரித்தல். மன்றத்தின் ஒரு மாதக் கூட்டப் பொருளை எடுத்தால் பெரும்பகுதி ஒப்பந்தப்புள்ளி ஏற்பு, செலவின அனுமதி, பணியாளர் விவகாரம் என்றே இருக்கும். அவை தொகுப்புக்கு வேண்டாம். எல்லோருக்கும் பொருந்துவதும் தொடர்ந்து நிற்பதும் எவையோ, அவை மட்டுமே ஊரின் சட்டம். ஆனால் விட்டவை உட்பட எல்லாத் தீர்மானமும் ஓர் அட்டவணையில் ஏற வேண்டும்: தீர்மான எண், நாள், அரசிதழ் நாளும் பக்கமும், நிலை (நடைமுறையில், திருத்தப்பட்டது, நீக்கப்பட்டது, காலம் முடிந்தது, தொகுப்புக்கு உரியதன்று), தொகுப்பில் எந்த விதியாக இருக்கிறது. 'அந்தப் பழைய தீர்மானம் என்னாயிற்று' என்று யார் கேட்டாலும் இந்த அட்டவணை பதில் சொல்லும். இது இல்லாத தொகுப்பை வழக்கறிஞர் யாரும் நம்பமாட்டார்.

பிறகு வரிசை. நிறைவேறிய ஆண்டு வரிசையில் அடுக்கினால் பயனில்லை. பொருள் வாரியாக அதிகாரம் பிரிக்க வேண்டும்: பொது விளக்கங்கள், மேல்முறையீடு, சுகாதாரம், குடிநீர், பாதாளச் சாக்கடை, தொழில் உரிமம், சந்தை, இறைச்சிக் கூடம், தெருவும் விளம்பரப் பலகையும், பூங்கா, மயானம். கட்டடத்துக்குத் தனி அதிகாரம் வேண்டாம், 2019 விதிகளைச் சுட்டும் ஒரு வரி போதும். எண்களைப் பத்துப் பத்தாகத் தள்ளிக் கொடுங்கள். நான்காம் அதிகாரம், இரண்டாம் பகுதி, முப்பதாம் விதி என்றால் 4-2-30, அடுத்தது 4-2-40. நடுவே புதிய விதி வந்தால் 4-2-35 என்று நுழையும், மற்ற எண்கள் அசையாது. நீக்கிய விதியின் எண்ணை மீண்டும் எதற்கும் தரக்கூடாது. 'நீக்கப்பட்டது' என்று எழுதி அந்த இடத்தை அப்படியே விட வேண்டும், ஏனென்றால் பழைய நோட்டீஸும் நீதிமன்ற ஆணையும் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு விதிக்கும் அடியில் சிறிய எழுத்தில் அதன் வரலாறு வர வேண்டும்: எந்தத் தீர்மானம், எந்த அரசிதழ், எந்தத் திருத்தம், எந்த நாள் முதல்.

கட்டணத்தையும் அபராதத்தையும் விதியின் உடலுக்குள் வைக்காதீர்கள். கடைசியில் தனி அட்டவணையாக, 'நடைமுறை நாள்' என்ற பத்தியோடு வையுங்கள். விதியின் வாசகம் இருபது ஆண்டு நிற்கும். தொகை அடிக்கடி மாறும். சொத்துவரியையே பாருங்கள். 2022இல் நடந்த பொதுச் சீராய்வில் சென்னைக்கு வெளியே 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதமும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 100 சதவீதமும் உயர்ந்தது. அரசாணை ஒன்று, மன்றத் தீர்மானம் இன்னொன்று, நடைமுறை நாள் மூன்றாவது. வரி கட்டுபவர் பார்க்க வேண்டியது ஒரே அட்டவணை.

தொகுக்கும்போது பொருளை மாற்றக் கூடாது. இந்த இடத்தில் கை அரிக்கும். எழுத்துப் பிழை, எண் மாற்றம், 'நகராட்சித் தலைவர்' என்றிருப்பது சட்டப்படி 'ஆணையர்' ஆகியிருந்தால் அதைக் குறிப்பது, இவ்வளவுதான் தொகுப்பவரின் வேலை. இரண்டு விதிகள் மோதினால் தொகுப்பவரே ஒன்றைத் தேர்ந்துவிடாமல், முரண் பட்டியலாக எழுதி மன்றத்தின் முன் வைக்க வேண்டும். முடிவு மக்கள் பிரதிநிதிகளுடையது. அப்படித் தீர்ந்த வரைவை நகராட்சி வழக்கறிஞர் பார்த்து, மன்றம் ஏற்று, ஆட்சேபம் கேட்டு, ஒப்புதலோடு அரசிதழில் வந்தால்தான் தொகுப்புக்குச் சட்ட பலம். இல்லையென்றால் அது வெறும் கைப்பிரதி. திருத்தும் அதிகாரமும் இயற்றிய அதே வழியில்தான் செல்ல வேண்டும். அரசு ஒப்புதலோடு வந்த துணைவிதியை ஓர் அலுவலக உத்தரவால் மாற்ற முடியாது.

எல்லை விரிந்த ஊர்களில் வேலை இன்னும் கடினம். 2011இல் சென்னை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனபோது 42 உள்ளாட்சிகள் உள்ளே வந்தன. 2021இல் தாம்பரம் மாநகராட்சி ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து உருவானது. இத்தகைய இடங்களில் சேர்ந்த ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி போட்டு, ஒரே பொருளில் எந்த ஊரில் என்ன விதி இருந்தது என்று அருகருகே எழுதிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஊராட்சியிலிருந்து வந்த பகுதிகளின் விதிகள் 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் வந்தவை, அவற்றை அப்படியே தூக்கி வைக்க முடியாது.

நடைமுறையில் வைத்திருப்பதற்குத் தேவையானது ஒழுங்கு மட்டுமே. அரசிதழ் வெளியான பதினைந்து நாளுக்குள் தொகுப்பில் மாற்றம் ஏற வேண்டும். முதல் பக்கத்தில் 'இந்த நாள் வரையிலான திருத்தங்கள் சேர்க்கப்பட்டவை' என்று தேதி வேண்டும். பழைய வாசகத்தை அழிக்கக் கூடாது. குற்றம் நடந்த நாளில் இருந்த விதிதான் அந்த வழக்குக்கு விதி. ஆகவே ஒவ்வொரு வாசகமும் எந்த நாள் முதல் எந்த நாள் வரை நின்றது என்று காட்டிக் காக்க வேண்டும். ஏப்ரல் 1, அக்டோபர் 1 என்று வரி அரையாண்டு தொடங்கும் நாள்களில் ஆணையர் கையொப்பமிட்ட சான்று ஒட்டினால் கணக்கும் சட்டமும் ஒன்றாக நடக்கும். இணையத்தில் ஏற்றும்போது முத்திரை குத்திய தாளை ஸ்கேன் செய்து போடுவதோடு நின்றுவிடாதீர்கள். அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது. வானவில் எழுத்துருவில் அடித்த கோப்பும் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் குறிகளாகத் தெரியும். எந்தக் கணினியிலும் படிக்கக்கூடிய ஒருங்குறியை (யூனிகோடு) அரசு 2010லேயே ஏற்றுவிட்டது. தொகுப்பு ஒருங்குறித் தமிழில் இருக்கட்டும், கைப்பேசியிலும் திறக்கட்டும்.

ஒரு நடுத்தர நகராட்சிக்கு இது ஓர் உதவியாளர், ஒரு தட்டச்சர், ஒரு வழக்கறிஞர் ஆகியோரின் ஓராண்டு வேலை என்பது என் கணிப்பு. பெரிய நிதி தேவையில்லை. பொறுப்பை மட்டும் ஆளின் பெயரில் வைக்காமல் பதவியின் பெயரில் வைக்க வேண்டும். விருப்பமுள்ள உறுப்பினர் யாரும் அடுத்த கூட்டத்தில் கொண்டுவரத்தக்க வரைவு இது:

'இந்நகராட்சியில் நடைமுறையிலுள்ள துணைவிதிகள், பொதுவான கட்டணத் தீர்மானங்கள் அனைத்தையும் சேகரித்து, அட்டவணைப்படுத்தி, பொருள் வாரியாகத் தொகுத்து, முரண் பட்டியலுடன் பன்னிரண்டு மாதங்களுக்குள் மன்றத்தின் முன் வைக்க ஆணையர் கேட்டுக்கொள்ளப்படுகிறார். தொகுப்பைப் பேணும் பொறுப்பு நகராட்சி மேலாளர் பதவிக்கு உரியது. துணைவிதிக் கோப்புகள் அனைத்தும் நிரந்தர முடிவுக் கோப்புகளாக மாற்றப்படும். இத்தேதிக்குப் பின் வரும் எந்தத் திருத்தத் தீர்மானமும், திருத்தப்படும் விதியின் எண், பழைய வாசகம், புதிய வாசகம், நடைமுறை நாள் ஆகிய நான்கும் இன்றிக் கூட்டப் பொருளில் சேர்க்கப்படமாட்டாது.'

இப்படிக்கு,
நகராட்சி நிர்வாகப் பணியில் இருந்த வாசகர்,
மயிலாடுதுறை